இருபத்திரண்டு மில்லிமீட்டர்

தண்டவாளம் நிம்மதியாக இருந்தது ஒரே ஒரு நாள்.
அன்று அதன் சூடு முப்பத்திரண்டு டிகிரி.
யாரும் இழுக்கவில்லை, யாரும் நெருக்கவில்லை.
அப்படியே கட்டையோடு இறுக்கிப் பூட்டினார்கள்.
பிறகு வந்த ஒவ்வொரு நாளும்
அந்த நாளுக்குக் கூடுதல், இல்லையென்றால் குறைச்சல்.

சஸ்காச்செவனில் குறைச்சல்தான் அதிகம்.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
விடிகாலை மூன்றேகாலுக்கு சிக்னல் சிவந்து நின்றுவிட்டது.
பொட்டாஷ் ஏற்றிய நூற்றிநாற்பது பெட்டிகள்
இருட்டில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
அறுபத்தோராம் மைலில்
ஒரெஸ்ட் ஹ்னாட்யுக் டார்ச்சைத் தாழ்த்தினான்:
உடைந்த இரண்டு முனைகளுக்கு நடுவே
மூன்று விரல் நுழையும்.
உடைந்த முகம் கற்கண்டு போல மினுக்கியது.
நாற்பத்தெட்டு, என்றேன் அளவுகோலைப் பிடித்து.
என் இமைமயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மண்ணெண்ணெயில் ஊறிய கயிற்றை
தண்டவாளத்தின் காலோரம் கிடத்தினோம்,
அந்தப் பக்கம் முப்பது மீட்டர், இந்தப் பக்கம் முப்பது.
டெல்ஃபின், நீயே பற்றவை, என்றான்.
பனிவெளியில் இரண்டு கோடு தீ ஓடியது.

பார்க்க ஒன்றுமே நடக்கவில்லை.
நிறம் மாறவில்லை. உருகவில்லை. முனகவில்லை.
ஆனால் உள்ளே
அணுவொன்று அடுத்த அணுவை முழங்கையால் இடித்து
கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு என்கிறது;
கோடிகோடி இடிகள் சேர்ந்து
என் சுண்ணாம்புக் கோடு ஒரு மயிரிழை நகர்கிறது.
சம்மட்டியால் தட்டிக்கொடுத்தோம்.
நாற்பது. முப்பத்தொன்று. இருபத்தைந்து.
இருபத்திரண்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனது.

ஒரெஸ்ட் உக்ரேனிய மொழியில் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

உடைந்த பகுதியை அறுத்து எடுத்தோம்.
அந்த இடத்தில் வைத்த துண்டு, எடுத்ததைவிட
இருபத்திரண்டு மில்லிமீட்டர் நீளம்.
போல்ட் முறுக்கியதும் பொட்டாஷ் போய்விட்டது.
தண்டவாளத்தின் இடுப்பில் மஞ்சள் பெயிண்டால்
+22 என்று எழுதினேன். தேதி போட்டேன்.
பெயிண்ட் எழுதும்போதே உறைந்தது.

மே மாதம் யாராவது வந்து
அந்த இருபத்திரண்டைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும்.
மார்ச்சில் ஒரெஸ்ட் ஆல்பர்ட்டாவுக்கு மாறிப்போனான்.
நோட்டு லாரியோடு போனது.
லாரி எங்கே போனதென்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது.
நானும்தான்,
எத்தனையோ உடைசல்களில் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

ஜூலை பதினொன்று.
காற்றில் முப்பத்தாறு, இரும்பில் ஐம்பத்துநான்கு.
நடந்துகொண்டே வந்தவள் நின்றேன்:
கட்டையின் முனைக்கும் ஜல்லிக்கும் நடுவே
ஒரு விரல் அகலப் பள்ளம்.
தண்டவாளம் இன்னும் வளையவில்லை.
வளையலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது.
ரேடியோவை எடுத்த கை வியர்த்திருந்தது.

குனிந்து தூசியைத் துடைத்தேன்.
கூட்டல் குறி அழிந்து, ஒரு இரண்டு மட்டும் மஞ்சளாய்.
என் கையெழுத்து.

வாள் பாதி இறங்கியதும் இரும்பு அதைக் கவ்விக்கொண்டது.
தட்டைக் கழற்றி, வேறு தட்டு மாட்டி,
மறுபடி அறுத்தோம். பக்கத்தில் இன்னொரு வெட்டு.
துண்டு விழுந்தது.
குளிர்காலத்தில் தீ வைத்துக் கெஞ்சியும் வராத முனைகள்
இப்போது யாரும் கூப்பிடாமலே வந்து
முட்டிக்கொண்டு நின்றன.

இருபத்திரண்டில் வாள் தின்றது எட்டு.
கையுறையில் மிஞ்சியது பதினான்கு:
தலை, ஒட்டிய இடுப்பு, அகன்ற பாதம்,
பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் கனத்த ஆள்.
சுட்டது.
ஆனாலும் நான் பிடித்திருந்தது ஜனவரியை.

கொட்டகையில் ஒரு டப்பா உண்டு, இவை போன்றவைக்கு.
டப்பாவில் எறிந்தேன்.
மற்ற குளிர்காலங்கள் மேல் விழுந்து
கணீரென்றது.

பிறகு உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்.
இந்த முறை இரண்டு நோட்டில்.